பெருமாள் இல்லாத மலை

ஸ்ரீரங்கத்தில் இமயமலைக்குப் போய்வந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. உத்தர வீதியிலோ சித்திரை வீதியிலோ ஒரு திண்ணையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் போதும். பத்ரிக்குப் போனவர், ஜோஷிமட் வழியில் நிலச்சரிவில் மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க பஸ்ஸிலேயே கழித்தவர், முக்திநாத்தில் நூற்றெட்டுத் தாரைக்கும் தலையைக் காட்டிவிட்டு வந்தவர் என்று வரிசையாக அகப்படுவார்கள். திவ்யதேசங்களில் வடநாட்டுத் திருப்பதிகளை முடிப்பது இங்கே பல வீடுகளில் ரிடையர் ஆன மறுநாளே தொடங்கும் ஏற்பாடு. திருப்பிருதி, வதரி, சாளக்கிராமம் என்று திருமங்கையாழ்வார் பாடிவைத்துவிட்டார். போகாமல் இருக்க முடியுமா? முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. எங்கள் தெரு மாமிகள் மடிசாருக்கு மேல் ஸ்வெட்டரும் காலில் கான்வாஸ் ஷூவுமாக அங்கே போய்விட்டு வந்து, "குளிர்தான், மத்தபடி சௌகரியம்" என்கிறார்கள்.

அதனால் நான் லடாக்கில் ஒரு மலை ஏறப் போகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்கே எந்தப் பெருமாள்?"

"பெருமாள் யாரும் இல்லேம்மா. வெறும் மலைதான்."

"வெறும் மலைக்கு எதுக்குடா அத்தனை காசு?"

நியாயமான கேள்விதான். நான் ஏற நினைத்த மலைக்குக் காங் யாட்சே என்று பெயர். லே நகருக்குத் தெற்கே ஸ்டோக் மலைத்தொடரைத் தாண்டினால் மார்க்கா பள்ளத்தாக்கு. அதன் தலைமாட்டில் இரண்டு உச்சிகளோடு அது நிற்கிறது. பெரிய உச்சி சுமார் 6,400 மீட்டர்; பனிச்சுவரில் கயிறு போட்டுப் பழகியவர்களுக்கு உரியது. சின்ன உச்சி சுமார் 6,250 மீட்டர். உடம்பு ஒத்துழைத்து, நல்ல வழிகாட்டியும் வாய்த்தால், பாங்க்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் போன்ற ஆசாமிகூட அதை முயன்று பார்க்கலாம்.

முன்பெல்லாம் இப்படி ஆசைப்படுகிறவர்கள் ஸ்டோக் காங்ரிக்குத்தான் போவார்கள். லேயில் எந்த மொட்டைமாடியில் நின்றாலும் தெற்கே தெரிகிற மலை, 6,153 மீட்டர். கூட்டம் பெருகிப் பெருகி, மேலே உள்ள முகாம் குப்பையும் கழிவுமாக ஆனது. ஸ்டோக் கிராமத்துக்குக் குடிக்கவும் வாற்கோதுமை விளைக்கவும் அந்த மலையின் பனி உருகி வரும் தண்ணீரை விட்டால் வேறில்லை. ஊரார் கூடிப் பேசி, 2020-லிருந்து மலையை மூடிவிட்டார்கள். வருமானம் போகும் என்று தெரிந்தேதான் மூடினார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே குடியிருந்துகொண்டு இரண்டு ஆற்றிலும் சாக்கடையைக் கலக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற எங்களுக்கு அந்தத் துணிச்சல் வராது. ஸ்டோக்கில் கதவு மூடியதும் கூட்டம் அப்படியே மார்க்கா பக்கம் திரும்பியது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

வழிகாட்டியோடு மலையேறுவது என்றால் சிலருக்கு இளக்காரம். காசைக் கொடுத்தால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போய் உச்சியில் நிறுத்திவிடுவார்கள், இதில் என்ன சாமர்த்தியம் என்பார்கள். தமிழ்நாட்டில் வழிகாட்டி இல்லாமல் மலையேறுகிற வழக்கம் எப்போது இருந்தது? சபரிமலைக்குப் பதினெட்டு வருஷம் போன குருசாமி இல்லாமல் கன்னிச்சாமி யாரும் இருமுடி கட்டுவதில்லை. எந்த இடத்தில் தண்ணீர் குடிக்க வேண்டும், எங்கே உட்காரக் கூடாது, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் குருசாமிக்குத் தெரியும். வெள்ளியங்கிரிக்குப் போகிறவர்களும் ஏழு மலையையும் முன்பே ஏறிய ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் அடிவாரத்து ஷாமொனி ஊரில் வழிகாட்டிகள் 1821-லேயே சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அங்கே அது தொழிலாயிற்று, இங்கே விரதமாயிற்று.

திருச்சியிலிருந்து இதற்குத் தயாராவதில் ஒரு சங்கடம் உண்டு. ஊர் கடல்மட்டத்திலிருந்து 80 மீட்டர் சொச்சம்தான். ஏறிப் பழக இருப்பது மலைக்கோட்டை. தரையிலிருந்து 83 மீட்டர், நானூறுக்கும் மேல் படிகள். விடியற்காலையில் தாயுமானவர் சந்நிதியைக் கடந்து உச்சிப்பிள்ளையாரிடம் போய், இறங்கி, மறுபடி ஏறுவேன். முதுகுப்பையில் தண்ணீர்க் கேன். அர்ச்சகர் ஒருவர் சில நாள் பார்த்துவிட்டு, "என்ன சார் பிரார்த்தனை?" என்று கேட்டார். காங் யாட்சேயில் கடைசி இரவு ஏற வேண்டிய உயரம் சுமார் 1,150 மீட்டர். மலைக்கோட்டையை ஒரே இரவில் பதினாலு முறை ஏறுவதற்குச் சமம். அதுவும் பாதிக் காற்றில். ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லிமலைக்குப் போய் ஆகாயகங்கையின் ஆயிரத்துச் சொச்சம் படிகளில் இறங்கி ஏறுவதும் உண்டு. பல்லவன் மகேந்திரவர்மன் குடைந்த குகை இருக்கிற எங்கள் பாறையோடு வயதில் ஒப்பிட்டால் இமயமலை நேற்றுப் பிறந்த குழந்தை. இந்தியத் தட்டு ஆசியாவில் போய் முட்டி அது எழும்பத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. இதைச் சொல்லிப் பெருமைப்படலாம். முழங்காலுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

பணம் கட்டுவதற்கு முன் பல ஏற்பாட்டாளர்களிடம் விசாரித்தேன். விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இருந்தது. ஏன் என்று துருவினால், சாப்பாட்டிலோ கூடாரத்திலோ பெரிய வேறுபாடு இல்லை, நாள்கணக்கில்தான் இருந்தது. ஒருவர் லேயில் ஒரே இரவு தங்கிவிட்டு மறுநாளே நடக்கத் தொடங்கலாம் என்றார். இன்னொருவர் மூன்று இரவு கட்டாயம் என்றார். குறைந்த விலைக்காரர் குறைத்தது நம் உடம்புக்கு வேண்டிய அவகாசத்தை. இந்த ஒரு விஷயம் எனக்கு விளங்கிய பிறகு மற்ற எல்லாமே விளங்கிவிட்டன என்று சொல்லலாம்.

டெல்லியில் விமானம் ஏறும்போது சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். ஒன்றரை மணி நேரத்தில் லே விமான நிலையத்தில் இறங்கும்போது 3,256 மீட்டர். வாசலில் ஒன்றும் தெரியாது. வானம் கண்ணைக் கூசும் நீலம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கத் தோன்றும். விடுதியின் மாடிப்படி ஏறும்போதுதான் விஷயம் புரியும். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான், காற்றே மெலிந்துவிடுகிறது. 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல். உடம்பு இதற்குப் பழக நாள் பிடிக்கும். மூச்சு வேகமாகும், ரத்தத்தின் அமிலநிலை மாறும், அதைச் சிறுநீரகம் சரிக்கட்டும், பிறகு சிவப்பணுக்கள் கூடும். டயாமாக்ஸ் மாத்திரை இதைக் கொஞ்சம் துரிதப்படுத்தும். கூடவே விரல் நுனிகளில் ஊசி குத்தும்; இரவில் அடிக்கடி எழுந்து வெளியே போக வைக்கும். கூடாரத்துக்கு வெளியே அந்தக் குளிரில் அது எவ்வளவு பெரிய தண்டனை என்பதைப் போனவர்கள் அறிவார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

கொரோனா ஓய்ந்தபின் வந்த ஓர் ஆடி மாதம் அது. காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் ஆடிப்பெருக்குக் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்த நாளில் நான் சில்லிங் கிராமத்தில் ஜான்ஸ்கர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காவிரியின் நிறம் அல்ல; சிமெண்ட் கரைத்த சாம்பல். ஒரு காலத்தில் அங்கே கம்பிவடத்தில் தொங்கும் தொட்டியில் உட்கார்ந்துதான் ஆற்றைக் கடப்பார்களாம். இப்போது பாலம் இருக்கிறது. சில்லிங்கில் தலைமுறை தலைமுறையாகச் செம்பும் பித்தளையும் அடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. ஷே அரண்மனைப் புத்தர் சிலைக்காக நேபாளத்திலிருந்து வரவழைக்கப்பட்ட கம்மியர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்கிறார்கள். கும்பகோணம் பாத்திரக்கடைத் தெருவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அங்கேயே ஒருநாள் இருந்துவிடலாம் போல் இருந்தது. வழிகாட்டி விடவில்லை.

அந்த வழிகாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிந்து ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர், நாற்பதை ஒட்டிய வயது. மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் பேஸிக் கோர்ஸ், அட்வான்ஸ் கோர்ஸ் இரண்டும் முடித்தவர். குளிர்காலத்தில் பனிச்சிறுத்தை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவார். எனக்கும் அவருக்கும் பொதுவான பாஷை ஹிந்தி. சின்ன வயதில் தென்னூர் ஹிந்தி பிரசார சபா பரீட்சைகளை ராஷ்ட்ரபாஷா வரை எழுதித் தேறியவன் நான். கபீர் வாழ்க்கைக் குறிப்பு வரைக என்றால் இன்றும் வரைவேன். கால் விரல் மரத்துவிட்டது, ஷூவின் கயிற்றைத் தளர்த்தலாமா என்று கேட்க அந்த ஹிந்தி உதவவில்லை. அவர் என்னை முதல்நாள் சார் என்றார். மூன்றாம் நாளிலிருந்து பாய் சாப். நான் அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சமையல்காரரும் குதிரைக்காரரும்கூட அவரை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவர் நடையைப் பார்த்தால் சோம்பேறி என்று தோன்றும். ஒரு காலை முன்னே வைத்து, பின்னங்காலை நிமிர்த்தி அதன் எலும்பின் மேல் உடம்பின் பாரத்தை நிறுத்தி, ஒரு மூச்சு. பிறகு அடுத்த அடி. நம்பெருமாள் புறப்பாட்டில் ஸ்ரீபாதம்தாங்கிகள் தோளுக்கினியானைச் சுமந்துகொண்டு அளந்து வைக்கிற நடை எனக்கு அங்கே ஞாபகம் வந்தது. பாரம் தோளில் இருக்கும்போது கால் அவசரப்படாது; ஒருவர் அடி தப்பினால் எல்லோரும் ஆடிப்போவார்கள். அவரை முந்திக்கொண்டு போக அவர் யாரையும் அனுமதிக்கவில்லை. எங்கள் குழுவில் ஹைதராபாத்திலிருந்து வந்த இளைஞன் ஒருவன் மட்டும் முந்திப் போய் அடுத்த திருப்பத்தில் காத்திருப்பான். நல்ல பையன், ஜிம்மில் ஏற்றிய உடம்பு. ஆபீஸில் லீவு கிடைக்காமல் எங்களுக்கு ஒருநாள் பின்னால் லே வந்து சேர்ந்திருந்தான். வழிகாட்டி அவனிடம் ஒருமுறை சொன்னார், இருமுறை சொன்னார். பிறகு சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

பள்ளத்தாக்கில் நடப்பது ஆற்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டு நடப்பது. மார்க்கா ஆற்றைச் சில இடங்களில் இறங்கித்தான் கடக்க வேண்டும். காலையில் முழங்கால் அளவுத் தண்ணீர், மாலையில் தொடைக்கு மேல். பகல் வெயிலில் மேலே பனி உருகி, பிற்பகலில் வெள்ளமாக வருகிறது. ஆகவே எழுந்திருக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது கடிகாரம் அல்ல, ஆறு. இரு பக்கமும் செம்மண், ஊதா, பச்சை என்று நிறம் நிறமாகப் பாறைச் சரிவுகள். ஒரு புல் கிடையாது. கிராமம் வரும் இடத்தில் மட்டும் திடீரென்று வாற்கோதுமை வயல், வில்லோ மரம், பாப்ளர் மரம். அந்தப் பச்சை முழுவதும் வாய்க்கால் தண்ணீர். யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று முறைவைக்க ஊருக்கு ஊர் ஒருவரை நியமிக்கிறார்கள். சுர்பொன் என்று பெயர். நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி செய்த அதே வேலை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்குமா திறக்காதா என்று பேப்பரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஊர்க்காரர்களோடு பேச விஷயம் இருந்தது. பனி குறைந்த வருஷம் வசந்தத்தில் விதைக்கத் தண்ணீர் பிந்துகிறது என்று ஹங்கர் கிராமத்தில் நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மா சொன்னார். அவர் வீட்டில் தங்குவது ஓர் ஏற்பாடு. பனிச்சிறுத்தை பட்டியில் புகுந்து ஆடுகளை அடித்தால் அதைக் கொல்லாமல் இருக்க, விருந்தினர் மூலம் அந்தக் குடும்பங்களுக்கு வருமானம் வரட்டும் என்று தொடங்கியது. சிறுத்தைக்கு நாம் கட்டும் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் ஊரை விட்டுப் போகவே இல்லை. பையில் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், மோர்மிளகாய். நிமாலிங் மேய்ச்சல் வெளி 4,700 மீட்டருக்கு மேலே. அங்கே தண்ணீர் 84 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் அரிசி லேசில் வேகாது. குக்கர் இல்லாத முகாமில் சோறு கிடையாது. நேபாளத்துச் சமையல்காரர் என் புளிக்காய்ச்சலைச் சோற்றில் பிசைந்து, நெய்க்குப் பதில் யாக் வெண்ணெய் போட்டுக் கொடுத்தார். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உயரத்தில் பசி செத்துவிடும்போது புளிப்பும் காரமும்தான் இரண்டு கவளம் உள்ளே தள்ளும். எங்கள் குழுவில் இருந்த பூனாக்காரத் தம்பதி அந்தப் புளிக்காய்ச்சல் பாட்டிலை என்னைவிட வேகமாகக் காலி செய்தார்கள். வழியில் பழைய ராணுவப் பாராசூட்டைக் கூடாரமாக விரித்து டீயும் மேகியும் விற்கும் பெண்களையும் மறக்க முடியாது. பாராசூட் துணிக்குள் வெயில் இறங்கும்போது உள்ளே கல்யாணப் பந்தல் வெளிச்சம்.

அடிவார முகாம் 5,000 மீட்டருக்குச் சற்று மேலே. அங்கே ஒருநாள் பயிற்சி. ஷூவின் அடியில் கிராம்பான் முட்களைப் பூட்டிப் பனியில் நடப்பது, ஐஸ் ஆக்ஸைக் குத்திச் சறுக்கலை நிறுத்துவது, இடுப்பில் ஹார்னஸ் கட்டிக் கயிற்றில் கோத்துக்கொள்வது. முகாமுக்கு மேலே கற்களை அடுக்கி, கொடித்துணி கட்டி, ஜூனிபர் தழையைப் புகைத்து வழிகாட்டி வணங்கினார். லாத்தோ என்று பெயர். அந்த இடத்துத் தெய்வத்தின் இருப்பிடம். அம்மாவுக்கு அனுப்ப ஒரு பதில் கிடைத்துவிட்டது. பெருமாள் இல்லை, க்ஷேத்திரபாலர் உண்டு. அனுப்பத்தான் சிக்னல் இல்லை.

அன்று பிற்பகல் கூடாரத்தில் உயரத்தைப் பற்றி ஒரு சர்ச்சை. பூனாக்காரரின் கைக்கடிகாரம் ஒன்று சொன்னது, வரைபடம் இன்னொன்று. எனக்குத் தெரிந்த கதையை எடுத்துவிட்டேன். இந்த மலைகளையெல்லாம் அளந்த வேலை எங்கள் பக்கத்திலிருந்துதான் புறப்பட்டது. 1802-ல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே முதல் அடிக்கோட்டை அளந்தார். தஞ்சாவூர்ச் சமவெளியில் குன்று கிடையாது. தென்னந்தோப்புக்கு மேலே பார்வை போக வேண்டுமானால் கோயில்தான் கதி. 1808-ல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நெளிந்துவிட்டது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அதைத் தட்டிச் சீர் செய்தார். அவர் 1823-ல் இறந்தபின் வேலை ஜார்ஜ் எவரெஸ்ட் கைக்குப் போனது. அளவை வடக்கே நகர்ந்து நகர்ந்து, 1852 வாக்கில் பதினைந்தாம் எண் சிகரம்தான் உலகில் உயரமானது என்று கணக்கில் தெரிந்தது. 1865-ல் அதற்கு எவரெஸ்ட் பெயர் வைத்தார்கள். வழிகாட்டி முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கயிறு எந்த இடத்தில் அறுந்தது? முடிச்சிலா, நடுவிலா?" தொழில்காரர் கேள்வி. எனக்குத் தெரியவில்லை.

இரவு உணவின்போது ஹைதராபாத் பையன் தட்டைத் தொடவில்லை. தலைவலி என்றான், மாத்திரைக்கு அடங்கவில்லை. வாந்தி எடுத்தான். வழிகாட்டி அவனைக் கூடாரத்துக்கு வெளியே அழைத்து, தரையில் கயிற்றை நேராகப் போட்டு, ஒரு பாதத்தின் குதிகால் அடுத்த பாதத்தின் விரலைத் தொடும்படி அதன்மேல் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியிலேயே பையன் பக்கவாட்டில் சாய்ந்தான். மறுபடி நடக்கச் சொன்னார், மறுபடி சாய்ந்தான். மூளையில் நீர் கோத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். விட்டால் ஒரே நாளில் ஆளை முடித்துவிடும். இறங்குவதை விட்டால் வேறு வைத்தியம் இல்லை. மருந்தும் ஆக்ஸிஜனும் இறங்குவதற்குத் துணை, அவ்வளவுதான். பையன் கெஞ்சினான். காலையில் சரியாகிவிடும், தூங்கவிடுங்கள், இதற்காக ஒரு வருஷம் காத்திருந்தேன் என்றான். வழிகாட்டி வாதம் செய்யவில்லை. டெக்ஸாமெதாசோன் கொடுத்தார். குதிரைக்காரரை எழுப்பினார். உதவி வழிகாட்டியோடு அந்த இருட்டிலேயே கீழே அனுப்பிவிட்டார். காலையில் நிமாலிங், மதியத்துக்குள் ஹங்கர். அங்கே போனதும் பையன் எழுந்து உட்கார்ந்து இட்லி கிடைக்குமா என்று கேட்டானாம்.

இவ்வளவு நடந்தும் அடுத்த இரவு நாங்கள் கிளம்பினோம். பதினோரு மணி. நெற்றியில் விளக்கு. தண்ணீர்ப் பாட்டிலைத் தலைகீழாகப் பையில் செருகச் சொன்னார். உறைவது மேலிருந்து தொடங்குவதால் மூடி அடைத்துக்கொள்ளாது. முதல் இரண்டு மணி நேரம் உருளும் கற்கள். பிறகு பனி. ஒரே கயிற்றில் கோத்துக்கொண்டு, முன்னால் போகிறவர் கால்தடத்தில் கால் வைத்து, சரிவில் ஏறிக்கொண்டே இருந்தோம். நினைவு வைத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. மூச்சு, அடி, மூச்சு. கிழக்கு வெளுத்தபோது 6,000 மீட்டரைத் தொட்டிருப்போம். இரண்டு பேர் தளர்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு பத்து அடிக்கும் நின்றோம். வெயில் சரிவைத் தொட்டது. வழிகாட்டி நின்று, ஐஸ் ஆக்ஸின் தண்டைப் பனியில் குத்தினார். விடியலுக்கு முன் டக் என்று நின்ற அதே தண்டு இப்போது பிடிவரை உள்ளே போனது. "இறங்கும்போது இதில் நம் கால் போகும்" என்றார். கயிற்றைத் திருப்பினார்.

உச்சி கண்ணுக்கு நேரே இருந்தது. பூனாக்காரர் பொரிந்து தள்ளினார். இன்னும் ஒரு மணி நேரம்தானே, இத்தனை பணம் கட்டியிருக்கிறோம், பலவீனமானவர்களை இங்கே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் போகலாமே என்றார். வழிகாட்டி கேட்டுக்கொண்டார், இறங்கத் தொடங்கினார். ஒரே கயிறு, ஆகவே எல்லோரும் இறங்கினோம். அன்றைக்கு எனக்கும் வருத்தம்தான். ஆனால் நாங்கள் அவருக்குக் கொடுத்த சம்பளம் எதற்கு என்று கேட்டால், அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். ஏறுவதற்கு வழி காட்ட ஜி.பி.எஸ். போதும், முன்னால் போனவர்களின் தடமும் போதும். பணம் கட்டிய மனிதர் எதிரே நின்று கத்தும்போது கயிற்றைத் திருப்ப ஆள் வேண்டும்.

பிறகு வேறொரு வருஷம் மறுபடி போனேன். அதே வழிகாட்டி. லேயில் கூடுதல் இரவுகள், நிமாலிங்கில் ஒரு முழுநாள் ஓய்வு, சின்னக் குழு. பொழுது நன்றாக ஏறுவதற்கு முன்பே உச்சியில் இருந்தோம். குறுகலான பனிமுகடு, கிழிந்த கொடித்துணிகள், பக்கத்தில் இன்னும் உயரமாகப் பெரிய காங் யாட்சே, வடக்கே தொலைவில் கரகோரம். "கி கி ஸோ ஸோ லார்கியாலோ" என்று எல்லோரும் கூவினார்கள்; தெய்வங்களுக்கே ஜெயம் என்று பொருள். எனக்குக் கால்விரல் மரத்திருந்தது. சீக்கிரம் இறங்கினால் தேவலை என்றுதான் இருந்தது. பேப்பர்க்காரர்கள் சிகரத்தை வென்றார் என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது.

இப்போது திருச்சியிலிருந்தும் பிள்ளைகள் நிறையப் போகிறார்கள். 2023-ல் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறியபின் பெண்பிள்ளைகளும் வந்து விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பணம் கட்டுவதற்கு முன் உச்சியைப் பற்றிக் கேட்காதீர்கள். லேயில் எத்தனை இரவு, நடுவில் எத்தனை ஓய்வு நாள், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், ராத்திரியில் ஒருவரைக் கீழே இறக்க வேண்டி வந்தால் உடன் போக யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒருநாளைக் குறைத்து விலையைக் குறைப்பவரிடம் போகாதீர்கள். லீவு போதாது என்றால் அந்த வருஷம் கொல்லிமலைக்குப் போங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஸ்டோக்கைப் போல இந்த மலையையும் ஊரார் மூடினால் நாம் குறைசொல்ல முடியாது. கடைசி நாளில் அன்பளிப்பு கொடுக்கும்போது வழிகாட்டிக்கு மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். சமையல்காரருக்கும் குதிரைக்காரருக்கும் தனித்தனியாக அவரவர் கையில் கொடுங்கள். நடுராத்திரியில் எழுந்து உங்களைக் கீழே கொண்டுபோகப் போகிறவர் அந்தக் குதிரைக்காரர்தான்.